ஊர்ப்பிள்ளை என்றால் பயமில்லையா? வன்னியில் ஓர் இளங்கலைக் கள ஆய்வும் அதில் நடந்ததும்

நிகழ்வு

வடக்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத் துறையில் இறுதியாண்டு படித்த மாணவி ஒருவர், தன் ஆய்வுக் கட்டுரைக்காக முல்லைத்தீவு மாவட்டக் கிராமம் ஒன்றுக்குப் போனார். தலைப்பு: பெண் தலைமைத்துவக் குடும்பங்களும் நுண்கடனும். அவர் வளர்ந்த கிராமத்துக்கு அது பக்கத்துக் கிராமம். பன்னிரண்டு பெண்களிடம் நேர்காணல் எடுப்பது திட்டம். ஏழாவதோடு வேலை நின்றுவிட்டது. அதற்குள் கடன் வசூலிக்கும் ஒருவர் மாணவியின் வீடு வரை போயிருந்தார். சிவில் உடையில் இருவர் தாயிடம் விசாரித்திருந்தார்கள். நேர்காணல் கொடுத்த ஒரு பெண் இரவு இரவாக மாணவிக்குக் கோல் எடுத்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளருக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

நடந்ததை ஒழுங்காக எழுதித் தரும்படி துறை என்னைக் கேட்டது. நான் மேற்பார்வையாளர் அல்ல; அந்த மாணவிக்கு ஒரு பாடம் மட்டும் படிப்பித்தவன். மாணவி, தாய், மேற்பார்வையாளர், விடுதி அறைத்தோழி ஆகியோரோடு கதைத்து இதை எழுதினேன். மாணவி வாசித்துவிட்டுச் சில இடங்களை வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டேன். ஊர், கொம்பனி, ஆண்டு எதுவும் இங்கே இல்லை. ஆளைக் காட்டிக் கொடுக்கக்கூடிய சில விபரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

ஏன் அந்தத் தலைப்பு

வன்னிப் பிள்ளை ஒருவர் நுண்கடனைப் பற்றி எழுத நினைப்பதில் புதினம் இல்லை. 2009 மே மாதம் போர் முடிந்தது. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து சனம் கட்டம் கட்டமாக ஊர் திரும்பியது. முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். திரும்பியவர்களில் பலருக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கிடைத்தது. அந்தக் காசுக்குள் வீட்டை முடித்தவர்கள் குறைவு. கூரைக்கு நகை அடைவு போனது, கதவு ஜன்னலுக்குக் கடன் வந்தது. லீசிங்காரரும் கிழமைக் கடன் கொம்பனிகளும் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதையால் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள்.

கிழமைக் கடன் நடக்கிற விதம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கிழமையில் ஒருநாள் யாராவது ஒருவரின் விறாந்தையில் வசூல். முழுக் காசும் சேரும் வரை வசூலுக்கு வந்த பெடியன் எழும்ப மாட்டான். அவன் எழும்பாமல் மற்றப் பெண்களும் வீட்டுக்குப் போக ஏலாது. 2016இல் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டு நிலுவையில் நின்ற பெண்களின் கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, கடன் வசூலிப்பவர்களிடம் பெண்கள் படும் வன்முறையையும் பாலியல் தொல்லையையும் பகிரங்கமாகச் சொன்னார். இவ்வளவும் வெளியில் தெரிந்த சங்கதி.

துறையின் கணக்கில் இது பொருளாதாரத் தலைப்பு. காணாமல் ஆக்கப்பட்டோர் என்றோ, காணி என்றோ தலைப்பில் இருந்திருந்தால் இரண்டு கூட்டம் போட்டு யோசித்திருப்பார்கள். கடன்தானே என்று கையெழுத்து உடனே விழுந்தது.

வன்னியில் எந்தத் தலைப்பும் பத்து நிமிடத்துக்கு மேல் தன் பெயரோடு நிற்பதில்லை. அந்தக் கிராமம் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 பாதைக்கு உட்புறமாக இருக்கிறது. 2009 ஜனவரியில், போருக்குள் அகப்பட்ட சனம் வந்து தங்கலாம் என்று அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயம் உடையார்கட்டு, சுதந்திரபுரம் என்று அந்தப் பாதை ஓரத்திலேயே இருந்தது. அங்கே ஒரு பெண்ணிடம் "முதல் கடன் எப்ப எடுத்தீங்கள், அக்கா?" என்று கேட்டால், "இவர் இல்லாமல் வந்த பிறகு" என்று பதில் வரும். அதற்கு அடுத்த கேள்வி மாணவியின் வினாக்கொத்தில் 'கடன்தொகை எவ்வளவு' என்று இருந்தது. அந்த இடத்தில் யாரால் அதைக் கேட்க முடியும்? மாணவிக்கும் 2009இல் எட்டு வயது. அவரும் அந்தப் பாதையால் நடந்து போனவர்தான்.

நெறிமுறைப் படிவத்தில் ஆய்வாளருக்கு உள்ள அபாயம் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அதில் மேற்பார்வையாளர் எழுதியது: "மாணவி அப்பகுதியைச் சேர்ந்தவர். பிரச்சினை இல்லை."

கடிதம் போன வழி

துறையின் கடிதம் பிரதேச செயலகத்துக்குப் போனது. அங்கிருந்து கிராம அலுவலருக்கு. அவர் நல்ல மனிதர், வேலை கூடினவர். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியைக் கூப்பிட்டு "கம்பஸ் பிள்ளைக்குப் பன்னிரண்டு பேரைப் பிடிச்சுக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டார். தலைவி ஒரு கொப்பித் தாளில் பன்னிரண்டு பெயர் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தலைவியே ஒரு கடன் குழுவின் தலைவியும்கூட. வசூல் நடப்பது அவருடைய விறாந்தையில். இதில் சதி ஒன்றும் இல்லை. ஊரில் நாலு பேரோடு கதைக்கத் தெரிந்த, கையெழுத்துப் போடப் பயப்படாத பெண்ணைத்தான் சங்கமும் தலைவியாக்கும், கொம்பனியும் தலைவியாக்கும். ஆனால் அதன் விளைவு என்னவென்றால், மாணவி ஊருக்குள் கால் வைக்க முந்தியே, லோனைப் பற்றி எழுத ஒரு பிள்ளை வருகிறது என்று வசூலிப்பவருக்குத் தெரியும். யார் யாரைச் சந்திக்கப் போகிறது என்பதும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை

மூன்றாவது நேர்காணல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அது வசூல் நாள் என்று மாணவிக்கு யாரும் சொல்லவில்லை. விறாந்தையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை, நடுவில் ஸ்டூலில் பிளேன்ரீ. ஒலிப்பதிவு போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டார் சைக்கிள் படலைக்குள் வந்து நின்றதும், கதைத்துக்கொண்டிருந்த அக்கா பாதிச் சொல்லில் நிறுத்தி "பிள்ளை, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார். மாணவி போனை மடியில் கவிழ்த்து வைத்தார். பதிவு நிற்கவில்லை. அதனால் அடுத்து நடந்த கதை அப்படியே இருக்கிறது.

"மிஸ் எந்த என்ஜிஓ?"

"என்ஜிஓ இல்லை, கம்பஸ்."

"கம்பஸுக்கு எங்கட லோன் என்னத்துக்கு?"

குரலில் கோபம் இல்லை. சிரித்தபடி கேட்டது போலத்தான் இருக்கிறது. பிறகு ஸ்டூலில் கிடந்த ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பார்த்து, "இதை நான் ஒருக்கா போட்டோ எடுக்கலாம்தானே, பெரியவரிட்டைக் காட்ட" என்று கேட்டு, பதிலுக்குப் பார்த்திருக்காமல் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படிவத்தில் மாணவியின் முழுப்பெயர் இருந்தது. பதிவிலக்கம் இருந்தது. கீழே, "இவ்வாய்வு தொடர்பாகக் கேள்விகள் இருப்பின் தொடர்பு கொள்ளவும்" என்ற வரிக்கு நேரே அவருடைய சொந்தக் கைத்தொலைபேசி இலக்கம் இருந்தது. நேர்காணல் கொடுப்பவரின் உரிமையைக் காக்கத்தான் அந்த வரி. நெறிமுறைக் குழு அதைக் கட்டாயமாகக் கேட்கிறது; கேட்பதும் சரி. ஆனால் பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு தாளில் ஒரு பெண்பிள்ளையின் சொந்த இலக்கத்தை அச்சடித்துக் கொடுக்கிறோம் என்று எவரும் அதைப் பார்த்ததில்லை. நானும் பல படிவங்களில் அந்த வரியைத் தாண்டிப் போனவன்தான்.

அன்றிரவே வாட்ஸ்அப் வந்தது. முதலில் "எங்கட கொம்பனியைப் பற்றி என்ன எழுதப் போறீங்கள்" என்று. இரண்டு நாள் கழித்து வேறொரு இலக்கத்திலிருந்து, "தங்கச்சி படத்தில வடிவாய் இருக்கிறீங்கள்" என்று. மாணவி படத்தை எடுத்துவிட்டு, இரண்டு இலக்கத்தையும் தடுத்துவிட்டு, அடுத்த நேர்காணலுக்குப் போனார். மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னால் தலைப்பை மாத்தச் சொல்லுவினம், சேர். எனக்கு முன்மொழிவு திரும்ப எழுத நேரமில்லை" என்றார். பயம் அல்ல, காலக்கெடுதான் அவருடைய வாயை அடைத்தது. ஆபத்துக்குள் நிற்கும் மாணவர்கள் வாய் திறக்காததற்கு இதைவிடப் பெரிய காரணம் நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்தது

வசூலிப்பவர் மாணவியின் வீட்டுக்குப் போனது மிரட்ட அல்ல. அவருக்கு அந்த வீட்டில் ஏற்கெனவே வேலை இருந்தது. மாணவியின் தாய் அதே கொம்பனியில் கடன் எடுத்தவர். இரண்டு தவணை பிந்தி நின்றார். வந்தவர் வழமைபோலக் காசைக் கேட்டுவிட்டுப் போகும்போது, "மகள் எங்களைப் பற்றித்தானாமே எழுதுறா. சொல்லி வையுங்கோ" என்றிருக்கிறார். அவ்வளவுதான். தாய் அன்று மாலையே மகளுக்குக் கோல் எடுத்து அழுதார்.

தாய்க்குக் கடன் இருந்ததால்தான் மாணவி அந்தத் தலைப்பை எடுத்தார். அது அவருடைய முன்மொழிவில் இல்லை. கேட்கவும் எவரும் இல்லை. வெளியூர்ப் பிள்ளை ஒருவர் இதே ஆய்வைச் செய்திருந்தால் அந்த வசூலிப்பவருக்குப் பிடிக்க ஒரு நூல் இருந்திராது.

சிவில் உடையில் வந்த இருவர் தங்களை யாரென்று சொல்லவில்லை. மகள் என்ன படிக்கிறார், இந்த ஆய்வுக்குக் காசு யார் கொடுக்கிறது, வெளிநாட்டு அமைப்பு ஏதும் பின்னால் இருக்கிறதா என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். வன்னியில் இப்படி ஒரு விசாரிப்பு ஒரு வீட்டுக்கு என்ன செய்யும் என்று வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆளை வழக்கில்லாமல் நீண்டகாலம் மறித்து வைக்க இடம் கொடுத்த 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு வளர்ந்த தலைமுறை அந்தத் தாயுடையது. விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, மகளின் பழைய கொப்பிகளை அடுக்கிப் பார்த்து, கையெழுத்தில் ஊர்ப்பெயர் இருந்த தாள்களை அடுப்பில் போட்டுவிட்டார். அதில் இரண்டு நேர்காணலின் குறிப்புகளும் போயின.

இரவுக் கோல்

இது இன்னும் பாரமான பகுதி. மாணவி வெட்டச் சொன்னவை பெரும்பாலும் இதற்குள் இருந்தவை, அதனால் சுருக்கமாகவே எழுதுகிறேன்.

ஐந்தாவதாகக் கதைத்த பெண், ஒலிப்பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டு, தனக்கு இனி இருக்க விருப்பமில்லை என்றார். பேச்சுக்குச் சொல்லும் 'செத்தால் நல்லம்' அல்ல அது; எப்போது என்பதுவரை யோசித்திருந்தார். மாணவி படிவத்தில் "நீங்கள் கூறும் அனைத்தும் முழு இரகசியமாகப் பேணப்படும்" என்று வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தவர். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார். ஆகவே ஒருவரிடமும் சொல்லாமல், "எப்ப வேணுமெண்டாலும் எனக்கு எடுங்கோ, அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த அக்கா எடுத்தார். இரவு பதினொன்றுக்கு, ஒன்றுக்கு, விடிய மூன்றுக்கு. ஒருநாள் போன் சார்ஜ் இறங்கிப் போய்க் காலையில் தவறிய அழைப்புகளைப் பார்த்த மாணவி, விடுதிக் குளியலறையில் நின்று வாந்தி எடுத்திருக்கிறார். அதைக் கண்டது அறைத்தோழி. அவர்தான் நேரே ஒரு பெண் விரிவுரையாளரிடம் போய்ச் சொன்னவர். அன்றே அந்தக் கிராமத்தின் குடும்பநல உத்தியோகத்தருக்கு (ஊர் மருத்துவமாதுக்கு) தகவல் போய், அவர் மூலமாக அந்த அக்கா மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தார். இப்போது நலமாக இருக்கிறார்.

இங்கே இரண்டு விடயம் துறையில் எவருக்கும் தெளிவாக இருக்கவில்லை. ஒன்று, இலங்கையில் தற்கொலை முயற்சி 1998இலிருந்து குற்றம் அல்ல. ஆகவே 'சொன்னால் அந்த அக்காவைப் பொலிஸ் பிடிக்கும்' என்ற பயத்துக்கு இடமில்லை. மாணவிக்கு அந்தப் பயம் இருந்தது. இரண்டு, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் என்று ஒன்று இருக்கிறது. மாணவியின் கையில் இருந்த எந்தத் தாளிலும் அது இல்லை.

பிறர் துயரத்தைக் கேட்டுக் கேட்டுக் கேட்பவரின் மனம் அடிபடுவதைப் பற்றி உளவியலாளர்கள் லிசா மக்கானும் லோரி ஆன் பெர்ல்மனும் 1990இல் எழுதியது உளவளத் துணையாளர்களை வைத்து. உளவளத் துணையாளருக்குப் பயிற்சி இருக்கிறது, மேலே பார்க்க ஒரு மூத்தவர் இருக்கிறார், மாதத்தில் ஒரு தடவையாவது கூடிக் கதைக்கச் சக ஊழியர் இருக்கிறார்கள். நம்முடைய இளங்கலை மாணவிக்கு இருந்தது நாலு பேர் படுக்கும் விடுதி அறை. அங்கே ஹெட்போன் போட்டு, அதே குரலை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நேரில் ஒருதடவை கேட்டதை, எழுதும்போது ஐந்தாறு தடவை கேட்க வேண்டிவரும். அதை ஒருவரும் வேலையாகக்கூடக் கணக்கெடுப்பதில்லை.

துறைக் கூட்டத்தில்

கூட்டத்தில் முதலில் வந்த யோசனை, இனிமேல் இப்படியான தலைப்புகளுக்கு இளங்கலையில் அனுமதி இல்லை என்பது. மூத்தவர் ஒருவர், தாங்கள் இதைவிட மோசமான காலத்தில் களத்துக்குப் போனவர்கள், ஒன்றும் ஆகவில்லை என்றார். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல உயிரோடு இருப்பவர்கள்தான் கூட்டத்துக்கு வருவார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் என் காதுக்குள் சொன்னார்.

தடை என்பது எனக்கு ஏற்பில்லை. வன்னியில் எதைத் தடை செய்வது? பாடசாலை இடைவிலகல் என்று போனால் இளவயதுத் திருமணத்தில் நிற்கும். குடிப்பழக்கம் என்று போனால் களவாகக் காய்ச்சும் கசிப்பு, அதற்குப் பின்னால் யார் யார் என்ற கதை. நெல் விளைச்சல் என்று போனால் வயல் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி. எல்லாவற்றையும் தடை செய்தால் மிஞ்சுவது 'மாணவர்களின் சமூக ஊடகப் பாவனை'. அது எங்கள் நூலக அலுமாரியில் ஏற்கெனவே ஒரு தட்டு நிறைய இருக்கிறது. அதைவிட, தடை போட்டால் பிள்ளைகள் சாதுவான ஒரு தலைப்பைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஊருக்குள் தாங்கள் நினைத்ததைத்தான் கேட்பார்கள். அப்போது நமக்கு முன்னறிவித்தலும் இருக்காது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் படிவத்தை எடுத்து மொழிபெயர்ப்போம் என்பது இன்னொரு யோசனை. கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்த இத்தாலிய மாணவர் ஜூலியோ ரெஜேனி, எகிப்தின் சுயாதீனத் தொழிற்சங்கங்களை ஆய்வு செய்துகொண்டிருந்தபோது 2016 ஜனவரியில் கெய்ரோவில் காணாமல் போய், சித்திரவதைக் காயங்களோடு பிணமாகக் கிடைத்தார். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் மாணவர் பாதுகாப்புப் பற்றிய பேச்சு பெரிதாக எழுந்தது. ஆனால் அந்த வகைப் படிவங்கள் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: காப்புறுதி இருக்கிறதா, தூதரகத்தின் இலக்கம் என்ன, அவசரத்தில் எப்படி நாடு திரும்புவீர்கள். மாணவர் எங்கிருந்தோ களத்துக்கு வருகிறார், ஆபத்து என்றால் களத்தை விட்டு வெளியேறுகிறார் என்பது அவற்றின் அடிப்படை. எங்கள் மாணவி எங்கே வெளியேறுவது? களத்தை விட்டு அவர் பஸ் ஏறினால் இறங்குவது களத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில். வீடு தெரியும், தாயைத் தெரியும், தாயின் கடன் புத்தகமும் தெரியும்.

இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். ஊர்ப்பிள்ளையை அனுப்பினால் சுகம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மொழி தெரியும், பாதை தெரியும், சனம் நம்பும், பஸ் காசும் குறைவு. ஆய்வுக்கு அது சுகம். பிள்ளைக்கு அல்ல. வெளியூர்ப் பிள்ளை ஆய்வு முடிந்ததும் போய்விடும். ஊர்ப்பிள்ளை கட்டுரையைக் கொடுத்த பிறகும் அதே ஒழுங்கையால் பத்து வருடம் நடக்க வேண்டும், அதே அக்காமாரைக் கோயிலில் காண வேண்டும், நாளைக்கு அதே பிரதேச செயலகத்தில் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்றும் இதை எடுக்க வேண்டாம். போதைப்பொருள் பாவனை பற்றிக் கேட்கப் போகும் ஆண்பிள்ளைக்கு வேறு விதமாக வரும். விற்பவன் அவனைப் பொலிஸின் ஆள் என்பான், பொலிஸ் அவனைப் பாவிப்பவன் என்று மறிக்கும். 'பெடியன்தானே, சமாளிப்பான்' என்பது 'ஊர்ப்பிள்ளைதானே' என்பதற்கு அண்ணன்.

இப்போது செய்வது

கூட்டத்துக்குப் பிறகு ஒரு வருடமாகச் சில ஏற்பாடுகள் நடைமுறையில் இருக்கின்றன. எல்லாம் சின்ன விடயங்கள்தான்.

தலைப்புக்குக் கையெழுத்துப் போட முந்தி மேற்பார்வையாளர் மாணவரோடு தனியே இருந்து ஒரு கேள்வி கேட்கிறார். இந்தத் தலைப்பில் உங்கள் வீட்டுக்கோ உறவுக்கோ ஏதும் தொடுசல் இருக்கிறதா? பதில் சொல்லத் தேவையில்லை. "வேறு ஊரில் செய்கிறேன்" என்று மாணவர் சொன்னால் போதும், காரணம் கேட்கக்கூடாது. எழுத்தில் எடுப்பதில்லை. காணாமல் போன தகப்பனைப் பற்றி, கடனைப் பற்றி, போராளியாக இருந்து மறுவாழ்வு பெற்று வந்த அண்ணனைப் பற்றி ஒரு பிள்ளை படிவத்தில் எழுதவேண்டி வந்தால் அந்தப் படிவமே இன்னொரு ஆபத்து. முதல் தவணையிலேயே மூன்று பேர் வேறு ஊர் என்றார்கள்.

ஒப்புதல் படிவத்தில் இப்போது துறையின் நிலையான தொலைபேசியும் மேற்பார்வையாளரின் பெயரும் இருக்கின்றன. களத்துக்கென்று இரண்டு சிம் வாங்கி வைத்திருக்கிறோம். மாணவர் அதில்தான் கதைக்க வேண்டும், அதில் வாட்ஸ்அப் படம் இல்லை. 'முழு இரகசியம்' என்ற வாக்குறுதியை எடுத்துவிட்டோம். சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் உள்ள சட்டக் காப்பு ஆய்வாளருக்கு இல்லை. தர முடியாததை இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் வாயால் தரச் சொன்னது நாங்கள். இப்போது படிவத்தில் உள்ளது: "உங்களுக்கோ ஒரு பிள்ளைக்கோ உயிராபத்து என்று தெரிந்தால், உங்களிடம் சொல்லிவிட்டு, உதவக்கூடிய ஒருவருக்கு அறிவிப்பேன்." அதைக் கேட்டதும் வாய்மூடிக்கொள்வார்கள் என்று சிலர் பயந்தார்கள். கிராமத்தில் அப்படி நடக்கவில்லை. சிலர் அந்த வரிக்குப் பிறகே கதைத்தார்கள்.

படிவத்தின் பின்பக்கத்தில் மனநலத்துக்கு 1926, பெண்களுக்கு 1938, சிறுவருக்கு 1929, அம்புலன்சுக்கு 1990. அதோடு அந்தப் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரையும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் மாணவர் களத்துக்குப் போக முந்தி ஒருதடவை நேரில் கண்டிருக்க வேண்டும். இலக்கத்தை எழுதி வைப்பதைவிட, முகத்தைக் கண்டிருப்பது அவசரத்தில் உதவுகிறது.

ஊருக்குள் போகும் வழியை மாணவரே விசாரித்து அறிய வேண்டும்: கடிதம் யார் கையால் போகிறது, அவருக்கு இந்த விடயத்தில் என்ன சம்பந்தம், வசூல் எந்த நாள், கூட்டம் எந்த நாள். பெயர்ப்பட்டியலை ஒரே ஆளிடம் வாங்குவதில்லை. போவது இரண்டு பேராக. நான்கு மணிக்குள் பிரதான பாதைக்கு வந்துவிட வேண்டும். இதற்கு மனிதர்கள் மட்டும் காரணம் அல்ல, அந்தப் பக்கத்தில் பொழுதுபட்டால் யானை ரோட்டுக்கு வரும், பஸ்ஸும் இல்லை. போகும்போதும் வரும்போதும் ஒரு குறுஞ்செய்தி. செய்தி வராவிட்டால் அரை மணித்தியாலத்தில் யார் யாருக்கு எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு. இடையில் எழும்பி வரவேண்டி வந்தால் சொல்ல ஒரு வசனமும் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

குறிப்புக் கொப்பியில் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் எழுதுவதில்லை, குறியீடு மட்டும். குறியீட்டுப் பட்டியல் துறையில் பூட்டு அலுமாரியில். ஒலிப்பதிவு அன்றே துறைக் கணினிக்கு மாறி, போனில் அழிகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு மணித்தியாலம் வகுப்பில் படிப்பிக்கிறோம். நேர்காணலை எழுதி எடுப்பது பகலில், துறை அறையில், ஒரு நாளைக்கு ஒன்று. களத்தால் வந்த மறுநாள் மேற்பார்வையாளர் அரை மணித்தியாலம் மாணவரோடு இருக்கிறார். அதில் தரவைப் பற்றிக் கதைப்பதில்லை. சாப்பிட்டாயா, நித்திரை வந்ததா, எந்த வீடு மனதில் நிற்கிறது. ஆண் விரிவுரையாளர்கள் சிலருக்கு இந்தக் கேள்விகள் வாயில் வரவே மாட்டேன் என்கின்றன. பழகும்.

களம் சரிவராவிட்டால் இடையில் மாறுவதற்கு வழி திறந்திருக்கிறது; புள்ளி வெட்டு இல்லை, திகதியும் நீட்டப்படும். காலக்கெடுவுக்குப் பயந்து பிள்ளை வாய்திறக்காமல் இருந்ததற்கு இதைத் தவிர வேறு மருந்தில்லை. நேரில் போகாமலே எழுதக்கூடியது நிறைய இருக்கிறது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் கொடுத்த அறிக்கை, நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாய்வுச் செயலணி 2017 ஜனவரியில் கையளித்த அறிக்கை, இரண்டிலும் வன்னிச் சனத்தின் சாட்சியங்கள் ஏற்கெனவே அச்சில் கிடக்கின்றன. ஒருமுறை சொல்லிக் களைத்தவர்களிடம் மறுபடி சொல்லச் சொல்லிப் போவதைவிட, சொன்னதை ஒழுங்காக வாசிப்பது ஓர் இளங்கலைக் கட்டுரைக்குத் தாராளம்.

எங்கள் மாணவியும் அப்படித்தான் முடித்தார். மிஞ்சிய நேர்காணல்களைக் கைவிட்டு, 2016 சட்டத்தையும் 2018 நிவாரணத்தையும் எடுத்துக்கொண்டு, கிளிநொச்சியில் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கங்களோடு வேலை செய்யும் உத்தியோகத்தர் சிலரிடம் கதைத்து, கிழமைக் கடனுக்கு மாற்றாகக் கூட்டுறவு என்ன செய்யலாம் என்று எழுதினார். ஏற்கெனவே கதைத்த ஏழு பெண்களிடமும் ஒரு விரிவுரையாளர் போய் விபரம் சொன்னார். நாலு பேர் பதிவை அழிக்கச் சொன்னார்கள். மூன்று பேர் இருக்கட்டும் என்றார்கள்.

தீராதவை

இரண்டு பேராகப் போனால் சில வீடுகளில் வாய் திறக்க மாட்டார்கள். சனி ஞாயிறு துறைத் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை. அப்போது மேற்பார்வையாளரின் சொந்த இலக்கத்துக்குத்தான் எல்லாம் வருகிறது, அதாவது மாணவியிடம் இருந்த சுமையை ஒரு படி மேலே ஏற்றியிருக்கிறோம். களச் சிம்முக்குக் காசு போடுவதற்குப் பல்கலைக்கழகக் கணக்கில் செலவுத் தலைப்பு இல்லை. விரிவுரையாளர்கள் கையால் போடுகிறார்கள்.

பெரிய முட்டுக்கட்டை மதிப்பீட்டுத் திட்டம். கட்டுரைக்குப் புள்ளி போடும் தாளில் 'மாதிரியின் அளவு போதுமானதா' என்ற பகுதிக்கு இன்னும் 10 புள்ளி இருக்கிறது. நான்கு நேர்காணலோடு நிறுத்திய மாணவருக்கு வெளிப் பரீட்சகர் அதில் 3 போட்டால் நாங்கள் கொடுத்த வாக்குப் பொய். அதை எடுத்துவிட்டு 'களத்தில் எடுத்த முடிவுகளுக்கான நியாயம்' என்று மாற்றும்படி பீடச் சபைக்கு எழுதியிருக்கிறோம். முதல் தடவை, அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அதுவரை ஒவ்வொரு கட்டுரையோடும் மேற்பார்வையாளர் ஒரு பக்கக் குறிப்பு இணைக்கிறார்: எத்தனை நேர்காணலில், யார் சொல்லி, ஏன் நிறுத்தப்பட்டது என்று.